தொடர்முறை ஷெல் ஸ்கிரிப்டைத் தானாகவே இணைமுறைக்கு மாற்ற முடியுமா?

கேள்வி. எழுதியவர்: சொல்லடைவு

அனைவருக்கும் வணக்கம். மின்நூல்கள், இதழ்கள், விக்கிப்பீடியா கட்டுரைகள் எனப் பல இடங்களிலிருந்து திரட்டிய தமிழ் உரையில் ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பட்டியலிடும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். நான் மொழியியல் படித்தவன்; நிரல் எழுதுவதை இந்த வேலைக்காகவே கற்றுக்கொண்டேன்.

என்னிடம் உள்ள ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு, எளிமையானது. ஒரு ஃபார் சுற்று, ஜிஸிப் முறையில் சுருக்கப்பட்ட கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து விரிக்கிறது. செட் கட்டளை ஒட்டுக்குறிகளை (டேக்குகளை) நீக்குகிறது. ஆக் கட்டளை வரிக்கு ஒரு சொல்லாகப் பிரிக்கிறது. கிரெப் கட்டளை தமிழ்ச் சொற்களை மட்டும் வடித்தெடுக்கிறது. கிடைக்கும் சொற்கள் எல்லாம் ஒரே பெரிய கோப்பின் இறுதியில் சேர்ந்துகொண்டே போகின்றன. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, அதை ஒரு பதிவேட்டிலும் எழுதுகிறேன். சுற்று முடிந்ததும் வரிசைப்படுத்தும் சார்ட், பிறகு அடுத்தடுத்து வரும் ஒரே சொற்களை ஒன்றாக்கி எண்ணும் யூனிக், பிறகு எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் மீண்டும் ஒரு சார்ட்.

மாலையில் தொடங்கினால் மறுநாள் காலையில்தான் இது முடிகிறது. இப்போது என்னிடம் 16 கோர்கள் கொண்ட கணினி இருக்கிறது. ஆனால் ஸ்கிரிப்ட் ஓடும்போது பார்த்தால் ஓரிரு கோர்களே வேலை செய்கின்றன. சுற்றுக்குள் உள்ள வரியின் இறுதியில் ஆம்பர்சண்ட் குறியை இட்டு எல்லாவற்றையும் பின்னணியில் ஓடவிட்டு ஒருமுறை பார்த்தேன். வேகமாகத்தான் முடிந்தது. ஆனால் ஒரு வாரம் கழித்துப் பட்டியலைப் படித்தபோது, ஒரு சொல்லின் முற்பாதியும் வேறொரு சொல்லின் பிற்பாதியும் ஒட்டிக்கொண்ட வரிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. சில வரிகளில் எழுத்தே உடைந்து கேள்விக்குறியாக நின்றது. அந்தப் பட்டியலை அப்படியே நீக்கிவிட்டேன்.

ஸ்கிரிப்டை நான் திருத்தி எழுதாமலே அதை இணைமுறைக்கு, அதாவது பல கோர்களில் ஒரே நேரத்தில் ஓடும் முறைக்கு, மாற்றித் தரும் கருவி ஏதேனும் உண்டா? உண்டென்றால், அதன் விடை பழைய ஸ்கிரிப்டின் விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கும் என்று நம்பலாமா? வேகத்தைவிட இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம், ஏனென்றால் ஒரு சொல்லின் எண்ணிக்கையில் பிழை நேர்ந்தால் அதைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

மறுமொழி. எழுதியவர்: குழாய்வழி

நண்பரே, நீங்கள் கேட்கும் கருவி உண்டு. அதன் பெயர் பாஷ். தமிழில் எழுதும்போது பேஷ் ஷெல்லின் பெயரோடு இது குழம்பக்கூடும். இது ஆங்கிலத்தில் PaSh என்று எழுதப்படும் வேறொரு கருவி. எம்ஐடியைச் சேர்ந்தோரும் பிற பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து உருவாக்கிய இதை 2021இல் யூரோசிஸ் மாநாட்டுக் கட்டுரையில் விளக்கினார்கள். அதே ஆண்டில் அது லினக்ஸ் ஃபவுண்டேஷனின் குடைக்கீழ் வந்தது. ஸ்கிரிப்டைக் கொடுத்தால், அதைத் தரவு ஓடும் பாதைகளின் வரைபடமாக மாற்றி, எங்கெல்லாம் ஓட்டத்தைப் பிரிக்கலாமோ அங்கெல்லாம் பிரித்து, கடைசியில் மீண்டும் ஒரு ஷெல் ஸ்கிரிப்டாகவே எழுதி ஓட்டுகிறது.

ஆனால் இரண்டாவது கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டுமானால், அது எதை வைத்துப் பிரிக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சி அல்லது ஃபோர்ட்ரான் நிரலில் ஒரு சுற்று எந்த மாறியைப் படிக்கிறது, எதில் எழுதுகிறது என்பது பெரும்பாலும் கம்பைலரின் கண்முன்னே இருக்கும். ஷெல்லில் அப்படி எதுவும் தெரியாது. சார்ட் என்றால் வரிசைப்படுத்துவது என்று நமக்குத் தெரியும். ஷெல்லுக்கோ அது ஒரு மூடிய பெட்டி, இந்தப் பக்கம் பைட்டுகள் போகின்றன, அந்தப் பக்கம் பைட்டுகள் வருகின்றன. ஆகவே ஒவ்வொரு கட்டளையைப் பற்றியும் யாரோ ஒருவர் முன்கூட்டியே குறிப்பு எழுதி வைத்தாக வேண்டும். பாஷ் கட்டளைகளை நான்கு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகை ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பார்ப்பது. உங்கள் செட், கிரெப் இரண்டும் அவ்வகை. இவற்றின் உள்ளீட்டை எந்த வரியிலும் வெட்டலாம், வெளியீடுகளை அதே வரிசையில் ஒட்டினால் போதும். இரண்டாம் வகை முழு உள்ளீட்டையும் பார்த்தாக வேண்டியது, ஆயினும் துண்டுகளின் விடைகளை இணைக்க ஒரு வழி உள்ளது. சார்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: துண்டுகளைத் தனித்தனியே வரிசைப்படுத்தி, சார்ட்டின் மைனஸ் எம் விருப்பத்தேர்வைக் கொண்டு பின்னிவிடலாம். மூன்றாம் வகைக்கு அந்த வழியும் இல்லை. ஷா போன்ற முத்திரை எண்ணைக் கணிக்கும் கட்டளைகள் முழு உள்ளீட்டையும் முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஓட்டமாகப் படித்தாக வேண்டும். நான்காம் வகை கோப்பு முறைமையையோ வலையையோ தொட்டு மாற்றுபவை. அவற்றை அது தொடுவதே இல்லை.

ஒரே கட்டளை விருப்பத்தேர்வைப் பொறுத்து வகை மாறும் என்பதை மறந்துவிடாதீர்கள். கிரெப் வரிவரியாக வேலை செய்வதுதான். ஆனால் மைனஸ் என் சேர்த்தால் வரியெண் வேண்டும், முன்னால் எத்தனை வரிகள் போயின என்று தெரியாமல் வரியெண் இட முடியாது. செட் கட்டளையில் ‘பத்தாம் வரியோடு நிறுத்து’ என்று எழுதினாலும் அதே கதைதான். எண்ணிக்கையோடு கூடிய யூனிக் இன்னும் நுட்பமானது: ஒரு துண்டின் கடைசி வரியும் அடுத்த துண்டின் முதல் வரியும் ஒரே சொல்லாக இருந்தால், அந்த இரண்டு எண்ணிக்கைகளையும் கூட்டி ஒரே வரியாக்க வேண்டும். இந்த எல்லைக்கோட்டை மறந்து கையால் இணையாக்கியவர்கள் பலர். பட்டியலில் ஒரே சொல் இருமுறை வருவதைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

உங்கள் வரிகள் ஒட்டிக்கொண்டதற்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். கட்டளைகள் கோப்புக்குள் எழுதும்போது வரிவரியாக எழுதுவதில்லை. சில ஆயிரம் பைட்டுகளை நினைவகத்தில் சேர்த்துவைத்து மொத்தமாகக் கொட்டுகின்றன. அந்தக் கொட்டல் ஒரு சொல்லின் நடுவே முடியலாம். உடனே வேறொரு புரோசஸ் தன்னுடையதைக் கொட்டிவிடும். யுடிஎஃப் 8 குறியாக்கத்தில் ‘க’ என்பது 3 பைட்டுகள், ‘கி’ என்பது 6 பைட்டுகள். எல்லை அந்த பைட்டுகளுக்கு நடுவில் விழுந்தபோது எழுத்தே உடைந்தது. பாஷ் போன்ற கருவி இதைத் தவிர்ப்பதற்குக் காரணம், ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்குக் கொண்டுசெல்லும் குழாய்) கொடுத்து இறுதியில் ஒரே கை மட்டும் கோப்பில் எழுதுமாறு செய்வதுதான். உள்ளீட்டை வரியெல்லையில் வெட்டுவதால் எழுத்தும் உடையாது. யுடிஎஃப் 8இல் புதுவரிக்கான பைட் வேறெந்த எழுத்துக்குள்ளும் வராது.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் இந்தக் கருவியில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி அது. பதினாறு துண்டுகளைப் பதினாறு பைப்புகளில் ஓடவிட்டு, அவற்றின் வெளியீடுகளை வரிசையாக ஒட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுகிற கட்டளை முதல் பைப்பை முழுவதும் படித்த பிறகுதான் இரண்டாவதைத் தொடும். லினக்ஸில் ஒரு பைப்பின் கொள்ளளவு வழக்கமாக 64 கிலோபைட். இரண்டாம் துண்டு அந்த அளவை நிரப்பியதும், படிப்பதற்கு ஆளில்லாமல் மடை அடைத்த வாய்க்கால்போல நின்றுவிடும். மூன்றாவதும் நிற்கும், நான்காவதும் நிற்கும். பார்வைக்குப் பதினாறு புரோசஸ்கள் இருக்கும். உண்மையில் ஒன்றுதான் ஓடும். இதை முறிப்பதற்காகவே பாஷ் ஒவ்வொரு பாதையிலும் வருவதையெல்லாம் உடனுக்குடன் வாங்கி வைத்துக்கொள்ளும் சிறு இடைத்தாங்கி ஒன்றை நுழைக்கிறது. கையால் எழுதிய இணைநிரல் வேகம் கூடவே இல்லை என்று குறைப்படுபவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

மறுமொழி. எழுதியவர்: மடைமாற்று

மேலே சொன்னவை எல்லாம் சரியே. எனினும் உங்கள் ஸ்கிரிப்டுக்கு முழுத் தானியக்கம் தேவையா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். உங்கள் கோப்புகள் ஏற்கெனவே தனித்தனியாக இருக்கின்றன. இயல்பான வெட்டுக்கோடு அங்கேயே இருக்கிறது. சுற்றின் உள்ளடக்கத்தை ஒரு ஷெல் ஃபங்ஷனாக எழுதி, குனூ பேரலல் கட்டளையிடம் கோப்புப் பட்டியலைக் கொடுத்தால், கோருக்கு ஒன்றாக ஓட்டும். ஒரு வேலையின் வெளியீடு முழுவதும் முடிந்த பிறகே அதை வெளியிடும் என்பதால் வரிகள் கலக்காது. வரிசையும் காக்கப்பட வேண்டுமானால் மைனஸ் கே சேர்க்க வேண்டும். எக்ஸார்க்ஸ் கட்டளையின் மைனஸ் பீ விருப்பத்தேர்வும் இணையாக ஓட்டும், ஆனால் அது வெளியீடுகளைப் பிரித்து வைப்பதில்லை. ஆம்பர்சண்ட் இட்டபோது உங்களுக்கு நேர்ந்ததே மீண்டும் நேரும்.

கோப்புகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகப் பெரியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜிஸிப் கோப்பை நடுவிலிருந்து விரிக்க முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு இடமும் தனக்கு முந்தைய 32 கிலோபைட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே விரிகிறது. ஆகவே அந்த ஒரு கோப்பு ஒரே கோரில்தான் விரியும், மற்றப் பதினைந்தும் அதற்காகக் காத்திருக்கும். பெரிய கோப்புகளை முதலில் தொடங்குவது பாதி நிவாரணம். விக்கிப்பீடியாத் தொகுப்பை பிஸிப்2 வடிவில், அதுவும் மல்டிஸ்ட்ரீம் என்ற வகையில், விக்கிமீடியா தருவதை எடுத்துக்கொண்டால் முழு நிவாரணம். அதில் நூறு பக்கங்களுக்கு ஒரு தனி ஓடை இருப்பதால் எந்த ஓடையிலிருந்தும் விரிக்கத் தொடங்கலாம்.

சொல்லடைவு எழுதியது

இருவருக்கும் மிக்க நன்றி. நூறு பக்கங்களுக்கு ஓர் ஓடை என்பது எனக்குப் புதிய செய்தி. விக்கிப்பீடியாப் பகுதியை அவ்வாறே மாற்றிக்கொள்கிறேன். இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. பதிவேட்டில் எழுதும் வரிசை எண் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூடுகிறது. இணையாக ஓடும்போது அதை யார் கூட்டுவது? மேலும், ஃபார் சுற்றுக்குள் கோப்பின் பெயர் ஒரு மாறியில் இருக்கிறது. ஓடத் தொடங்கும் முன் அதன் மதிப்பு தெரியாதபோது, பாஷ் எவ்வாறு அதைப் பகுத்தறியும்?

மறுமொழி. எழுதியவர்: நீர்க்கால்

இரண்டாவது ஐயத்திலிருந்து தொடங்குகிறேன், ஐயா. நீங்கள் சுட்டியது அந்தக் கருவியின் முதல் வடிவத்தின் உண்மையான குறை. ஷெல்லில் மாறிகள், நட்சத்திரக் குறிகள், கட்டளையின் வெளியீட்டையே சொற்களாக்கும் தொடர்கள் ஆகியவை எல்லாம் ஓடும் நேரத்தில்தான் விரிகின்றன. முன்கூட்டியே மொழிபெயர்க்கும் எந்தக் கருவிக்கும் அவை இருட்டறை. இதனால்தான் 2022இல் ஓஎஸ்டிஐ மாநாட்டில் அதே குழுவினர், ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு பகுதியையும் அந்தந்த நேரத்தில் மாற்றும் முறையை முன்வைத்தார்கள். ஒரு பைப்லைனை (பைப்புகளால் கோத்த கட்டளைத் தொடரை) அடைந்ததும் ஷெல்லின் அப்போதைய நிலையைப் பார்த்து, மாறிகளை விரித்து, குறிப்புகள் உள்ள கட்டளைகளாக இருந்தால் இணையாக்கி, ஐயம் இருந்தால் எழுதியது எழுதியபடியே ஓட்டிவிடுகிறது. நம்பலாமா என்று கேட்டீர்கள். தெரியாதபோது தொடாமல் விடுகிறது என்பதே நான் அதை நம்புவதற்குக் காரணம். உங்கள் ஆக் கட்டளைக்கு அது உதவாமல் போகலாம், ஏனெனில் ஆக் என்பது ஒரு முழு நிரல்மொழி; உள்ளே வரிவரியாகப் பிரிக்கிறீர்களா, வரிகளைத் தாண்டி எதையாவது கூட்டிவைக்கிறீர்களா என்பது கட்டளையின் பெயரைக்கொண்டு தெரியாது. உங்களுடையது வரிவரியாகத்தான் வேலை செய்கிறது என்பதால், அந்தப் பகுதியை ஒரு சிறு ஸ்கிரிப்டாகப் பிரித்து, அது முதல் வகை என்று நீங்களே குறிப்பு எழுதிக் கொடுக்கலாம். அந்தக் குறிப்பு பொய்யானால் விடையும் பொய்யாகும். பொறுப்பு அங்கே கருவியிடமிருந்து நமக்குக் கைமாறுகிறது.

வரிசை எண் பற்றிய ஐயம் இந்தத் துறையில் மிகப் பழையது. இரண்டு நிரற்பகுதிகளில் ஒன்று எழுதும் இடத்தை மற்றொன்று படிக்கவோ எழுதவோ செய்யாதிருந்தால் மட்டுமே அவற்றை ஒரே நேரத்தில் ஓட்டலாம் என்று பெர்ன்ஸ்டைன் 1966இலேயே வகுத்துக் கொடுத்தார். ஃபோர்ட்ரான் கம்பைலர்கள் சுற்றுகளை இணையாக்கும்போது பார்ப்பதும் இதே நிபந்தனையைத்தான். உங்கள் சுற்றில் எண்ணை வைத்திருக்கும் மாறியை ஒவ்வொரு சுற்றும் படிக்கிறது, ஒவ்வொரு சுற்றும் எழுதுகிறது. அதனால் அந்த ஒரு வரி, மற்ற எல்லாப் பகுதிகளும் சுதந்திரமாக இருந்தும், முழுச் சுற்றையும் சங்கிலியால் கட்டிப்போடுகிறது. இதில் ஒரு நல்ல செய்தி உண்டு: அந்த எண் கோப்பின் உள்ளடக்கத்தைப் பொறுத்ததே இல்லை. பட்டியலில் அது எத்தனையாவது கோப்பு என்பது மட்டுமே. ஆகவே சுற்றைத் தொடங்கும் முன்பே கோப்புப் பெயர்களை வரிசையாக எடுத்து, எண்ணிட்டு, பதிவேட்டை முழுவதுமாக எழுதிவிடுங்கள். கண் இமைக்கும் நேரத்தில் முடிகிற வேலை அது. சுற்றுக்குள் எண்ணைக் கூட்டும் வரி போய்விட்டால் சங்கிலியும் போய்விடும். இப்படிப்பட்ட திருத்தத்தைக் கருவி தானாகச் செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். எண்ணின் பொருள் என்ன என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

மறுமொழி. எழுதியவர்: மடைமாற்று

நீர்க்கால் சொன்னதோடு சார்ட் பற்றியும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சுற்று வேகமானதும் அடுத்த முட்டுக்கட்டை அதுதான். மொத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு இணையாகாமல் நின்றுவிட்டால், 1967இல் ஆம்டால் சொன்ன கணக்கின்படி, 16 கோர்கள் இருந்தும் 6.4 மடங்குக்கு மேல் வேகம் கூடாது. குனூ சார்ட் தானாகவே பல இழைகளில் ஓடும் திறன் கொண்டது. சொல்லாவிட்டால் அதிகபட்சம் 8 இழைகள். ஆனால் உள்ளீடு பைப் வழியாக வந்தால் எவ்வளவு வரும் என்று அதற்குத் தெரியாததால், சிறிய நினைவகத்தோடு தொடங்கி, பல இழைகளால் பயன் கிடைக்காமல் போகிறது. மைனஸ் பெரிய எஸ் கொண்டு நினைவக அளவைச் சொல்லிவிடுங்கள். தற்காலிகக் கோப்புகளுக்குப் போதிய இடமுள்ள வட்டையும் மைனஸ் பெரிய டீ கொண்டு காட்டுங்கள். நான் ஒருமுறை அதைச் செய்யாமல், டெம்ப் அடைவு நிரம்பி, இரவு முழுவதும் ஓடிய வேலையைக் காலையில் இழந்தேன்.

அதைவிட முக்கியம் மொழி அமைப்பு (லோகேல்), அதாவது எழுத்துகளை எந்த மொழியின் வரிசைப்படி ஒப்பிடுவது என்ற தேர்வு. எண்ணுவதற்காக மட்டும் வரிசைப்படுத்தும்போது எல்சி ஆல் மாறியை ‘சி’ என்று வைத்துக்கொள்ளுங்கள். பைட் வரிசையில் ஒப்பிடுவதால் மிக வேகமாக நடக்கும். அந்த வரிசை தமிழ் அகரவரிசை ஆகாது. யூனிகோடில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்தும், ‘ற’ என்பது ‘ர’வுக்கு அடுத்தும் வைக்கப்பட்டிருப்பதால் பட்டியல் நம் அகராதி வரிசைக்கு முரணாக வரும். எண்ணி முடித்த பிறகு, தனிச் சொற்கள் மட்டுமே மிஞ்சியிருக்கும் சிறிய பட்டியலைத் தமிழ் மொழி அமைப்பில் ஒருமுறை வரிசைப்படுத்தினால் போதும். துண்டுகளை ஒரு மொழி அமைப்பில் வரிசைப்படுத்தி வேறொன்றில் பின்னினால், சார்ட் எந்தக் குறையும் சொல்லாமல் தவறான விடையைத் தரும். பிறகு யூனிக் ஒரே சொல்லைப் பல இடங்களில் தனித்தனியாக எண்ணும். நீங்கள் அஞ்சிய கண்ணுக்குத் தெரியாத பிழை என்பது இதுவே.

உங்கள் வேலையில் மட்டும் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. எண்ணிக்கைகளை எந்த வரிசையில் கூட்டினாலும் மொத்தம் ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு கோப்பின் சொற்களையும் அங்கேயே வரிசைப்படுத்தி எண்ணிவிட்டு, சொல்லும் எண்ணிக்கையும் கொண்ட சிறு பட்டியல்களை மட்டும் இறுதியில் கூட்டுங்கள். அந்தப் பெரிய இடைக்கோப்பே தேவைப்படாது.

சொல்லடைவு எழுதியது

நான்கு நாட்கள் கழித்து வந்து எழுதுகிறேன், தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். விடைகளை ஒப்பிட்டுப் பார்க்காமல் எழுத மனம் வரவில்லை.

முதலில் மொத்தத் தொகுப்பிலிருந்து நாற்பது கோப்புகளை மட்டும் எடுத்து, பழைய ஸ்கிரிப்டையும் புதியதையும் ஓட்டி, இரண்டு பட்டியல்களையும் சிஎம்பீ கட்டளையால் பைட் பைட்டாக ஒப்பிட்டேன். வேறுபாடு வந்தது. தேடிப் பார்த்தபோது, பழைய ஸ்கிரிப்டின் கடைசி சார்ட் கட்டளையில் மைனஸ் சிறிய எஸ் இட்டிருந்தேன். எண்ணிக்கை சமமான சொற்களை அது வந்த வரிசையிலேயே விட்டுவிடுகிறது, துண்டாக்கியதும் வந்த வரிசை மாறிவிட்டது. அதை நீக்கினால் சமமானவற்றை முழு வரியின் பைட் வரிசைப்படி சார்ட்டே தீர்த்துக்கொள்கிறது. இரண்டு ஸ்கிரிப்டுகளிலும் நீக்கி, இரண்டையும் ‘சி’ அமைப்பில் ஓட்டிய பிறகு, இரண்டு கோப்புகளும் ஒரு பைட்டும் பிசகாமல் ஒத்தன. பதிவேட்டை முன்கூட்டியே எழுதும் வழி நீர்க்கால் சொன்னபடியே எளிதாக அமைந்தது.

பிறகு முழுத் தொகுப்பையும் கோப்புவாரியாக எண்ணி, கூட்டி முடித்தேன். மாலையில் தொடங்கிய வேலை, இரவு உணவுக்குப் பின் வந்து பார்த்தபோது முடிந்திருந்தது. பாஷ் கருவியையும் தனியே நிறுவி, கைத்திருத்தம் ஏதுமில்லாத பழைய பைப்லைனை அதே நாற்பது கோப்புகளில் ஓட்டிப் பார்க்கிறேன்; ஆக் பகுதிக்கான குறிப்பை இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். குறிப்பில் ஒரு ஐயம்: கோப்பின் முதல் வரியில் தலைப்பு இருந்தால் அதைத் தவிர்க்க, வரியெண் ஒன்றா என்று என் ஆக் நிரல் பார்க்கிறது. அப்படியானால் அது முதல் வகை ஆகாது அல்லவா?

குழாய்வழி எழுதியது

ஆகாது. உள்ளீட்டைப் பதினாறாக வெட்டினால் ஒவ்வொரு துண்டின் முதல் வரியும் தலைப்பு என்று தவிர்க்கப்படும். கோப்புக்குப் பதினைந்து வரிகள் ஓசையின்றிக் காணாமல் போகும். தலைப்பு வரியை நீக்கும் வேலையை ஆக்கிலிருந்து பிரித்து, விரித்தவுடன் டெயில் கட்டளையால் இரண்டாம் வரியிலிருந்து தொடங்குமாறு செய்யுங்கள். அது வெட்டுவதற்கு முன்னால் ஒரே ஓட்டமாக நடந்துவிடும். எஞ்சிய ஆக் நிரல் வரியெண்ணைப் பார்க்காது. அப்போது முதல் வகை என்ற குறிப்பு உண்மையாகும்.